குதிரைமுதுகில் ஒரு வெள்ளிக் கோப்பை

"கப்பு வருது, வழி விடுங்கடா."

குழாயடியில் முனீஸ் இப்படிச் சொன்னதும் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். பிலோமி குடத்தோடு நின்றாள். பன்னிரண்டு வயதுக்குள் அந்தப் பேரை அவள் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. எட்டு வயதுத் தம்பி சவரியைக்கூடப் பள்ளிக்கூடத்தில் 'சின்னக் கப்பு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எப்போதும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிற பிலோமி அன்றைக்குப் போகவில்லை.

"முனீஸ், நாளைக்குப் பூப் பறிக்கக் குதிரைமுதுகு மலைக்குப் போறோம். நீயும் வா."

"உங்ககூட நான் எதுக்கு?"

"எங்க தாத்தா திருடினார்னு சொல்றியே, அந்தக் கப்ப எடுத்துட்டு வரப்போறேன். திருடினாரா, பத்திரமா வச்சாரான்னு உன் கண்ணால பாத்துக்க."

சிரிப்பு நின்றுவிட்டது. முனீஸுக்குப் பதின்மூன்று வயது. பின்வாங்கினால் மானம் போய்விடும் என்று நினைக்கிற வயது.

"கெடைக்கலன்னா?"

"ஆயுசு பூரா கப்புன்னே கூப்பிடு. திரும்பிப் பாக்குறேன். கெடைச்சா பேர் சொல்லிக் கூப்பிடணும்."

"சரி. ஆனா சோறு நீதான் கொண்டாரணும்" என்றான் முனீஸ்.

இவ்வளவு பெரிய பந்தயம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன் கண்ணுகளா. மஞ்சக்கொம்பு தேயிலை எஸ்டேட்டில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு குடியிருப்புகள். நாற்பது வருஷத்துக்கு முன்பு வரை மாரியம்மன் திருவிழாவன்று இரண்டுக்கும் கால்பந்துப் போட்டி நடக்கும். ஜெயித்தால் ஒரு வெள்ளிக் கோப்பை. ஒரு வருஷம் ஆட்டம் அடிதடியாகி, இரண்டு பக்கமும் மண்டை உடைந்து, போலீஸ் ஜீப் வந்தது. மறுநாள் ஆபீஸ் அலமாரியில் இருந்த கோப்பையைக் காணோம். மேல் டிவிஷன் கேப்டன் அருளப்பன் விடியற்காலையில் ஒரு மூட்டையோடு மலையேறியதைப் பார்த்தேன் என்று யாரோ சொன்னார்கள். அருளப்பனைக் கேட்டார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போட்டி அத்தோடு நின்றது. பேர் மட்டும் நிற்கவில்லை.

அந்த அருளப்பன்தான் பிலோமியின் தாத்தா. அவள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுடைய அப்பா சூசைக்குப் பந்தென்றால் உயிர். ஆனால் மைதானத்துப் பக்கமே போக மாட்டார். பையன்கள் சும்மா ஆடும்போது வீட்டுக்குப் பின்னால் விறகு பிளப்பதுபோல நின்று, பந்து உதைபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நாற்பது வருஷம் கழித்து இந்த வருஷம்தான் மறுபடி இரண்டு டிவிஷனும் மோதப் போகின்றன. பேக்டரியில் ஒருவர், "சூசை, அந்தப் பக்கம் வந்துடாதப்பா. புதுக் கப்பு வாங்கி வச்சிருக்கோம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாராம். அன்று இரவு சூசை பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

அப்பா மைதானத்து ஓரத்தில் நின்று ஒரு ஆட்டமாவது பார்க்க வேண்டும். பிலோமிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வழி தானாக வந்தது. திருவிழாவுக்கு வெள்ளையடிக்கத் தாத்தாவின் டீம் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றியபோது, பின் அட்டைக்குள்ளிருந்து ஒரு தாள் விழுந்தது. பென்சிலால் வரைந்த மலை, அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கோப்பை. கீழே தாத்தாவின் கையெழுத்தில் நாலு வரி:

'ஒன்பதாம் நம்பர் காட்டு உச்சியில் ஏறு. சூரியன் இறங்கும் பக்கமாக மலைமுதுகின் மேலேயே நட. இரட்டைப் பாறை தாண்டினால் சோலை. சோலை முடிகிற இடத்தில் சிவப்புப் பூ மரம், அதற்கு நேர் கீழே குகை.'

தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அதைத்தான் அங்கே 'காடு' என்பார்கள். திருவிழாவுக்கு முதல் நாள் பிள்ளைகள் மலைமேல் போய்ப் பூப் பறித்து வருவது அந்த எஸ்டேட்டின் வழக்கம். பாதிப் பூ மாரியம்மனுக்கு, பாதி மாதா சிலை இருக்கும் கெபிக்கு. ஒரு செடியில் ஒரு கொத்துக்கு மேல் பறிக்கக் கூடாது. பேக்டரியில் மாலைச் சங்கு ஊதுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அதனால் மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூடையும் புளிசோறும் ஒரு பாட்டில் கடுங்காப்பியுமாகக் கிளம்பிய மூன்று பேரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

முனீஸ் திருவிழாவுக்கு எடுத்த புதுச் சட்டையில் வந்திருந்தான். பத்தடி தள்ளி நின்றாலே சென்ட் வாசம்.

"மலைக்கா வர்ற, பொண்ணு பாக்கவா?" என்றாள் பிலோமி.

"எங்கண்ணன் சென்ட். வெளிநாட்டு சரக்கு. உனக்கென்ன தெரியும்?"

ஒன்பதாம் நம்பர் காட்டில் பச்சைத் தகரப் பலகை பளிச்சென்று நின்றது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். பனி காலை நனைத்தது. தேயிலை முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு கல் தூண் சாய்ந்து கிடந்தது. சவரி அதன்மேல் உட்கார்ந்து பாசியைச் சுரண்டினான்.

"அக்கா, இதுல நாலுன்னு செதுக்கியிருக்கு."

"எவனாவது வேலையில்லாதவன் செதுக்கியிருப்பான். எந்திரி."

"இது ஒம்பதாம் காடுதான? நாலுன்னு ஏன் போட்டாங்க?"

"டேய் சின்னக் கப்பு, நட" என்றான் முனீஸ். "காட்டு நம்பர்ல தப்பு வருமா? எங்கம்மா தினமும் பலகை நம்பரப் பாத்துத்தான் கொழுந்து எடுக்கப் போகுது."

சவரி எழுந்தான். ஆனால் போகும்போது அந்தக் கல்லை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

குதிரைமுதுகின் மேலே வந்ததும் மூன்று பேரும் தங்களை அறியாமல் நின்றுவிட்டார்கள். பேருக்கு ஏற்ற மலை. நடுவே லேசாகக் குழிந்து, இரண்டு பக்கமும் சரிந்து, ஆள் நடக்க அளவான முதுகு. தெற்கே அவர்களுடைய எஸ்டேட், தீப்பெட்டிகளை அடுக்கிவைத்த மாதிரி வீடுகள். வடக்கே மேகம் படுத்துக் கிடக்கும் பள்ளத்தாக்கு. கோடை மழை இரண்டு பெய்திருந்ததால் புல்லெல்லாம் பூ. தொட்டால் காகிதம்போல் சலசலக்கும் வெள்ளைப் பூ, மூக்குத்தி அளவு மஞ்சள் பூ, பேர் தெரியாத ஊதாப் பூ. தவிட்டுப்பழப் புதர்களில் ரோஜா நிறப் பூவும் கருநீலப் பழமும் ஒன்றாகத் தொங்கின. மூன்று பேருக்கும் வாயும் நாக்கும் நீலமாகிவிட்டது.

"பேய் மாதிரி இருக்க" என்றாள் பிலோமி.

"உன் மூஞ்சியப் போய்ச் சுனையில பாரு" என்றான் முனீஸ்.

மேற்கே நடந்தார்கள். சரிவில் எங்கேயோ ஒரு பறவை, வேலையில்லாத பையன் சீட்டியடிப்பதுபோல் இழுத்து இழுத்துப் பாடியது. முனீஸ் பதிலுக்குச் சீட்டியடித்தான். பறவை சற்று நேரம் பேசாமல் இருந்து, பிறகு அவனைவிட நன்றாக அடித்துக் காட்டியது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரட்டைப் பாறையைக் காணோம். சோலையையும் காணோம். கடைசியில் நடக்க மலையே இல்லை. முதுகு சட்டென்று முடிந்து, காலடியில் அதல பாதாளம்.

"அசையாதீங்க" என்று பிலோமி இரண்டு பேர் கையையும் பிடித்தாள்.

இருபதடி தூரத்தில், ஆள் கால்வைக்க முடியாத பாறை விளிம்பில், வரையாட்டுக் கூட்டம். பெண் ஆடு ஒன்று காதை விறைத்துக்கொண்டு இவர்களையே பார்த்தது. பிறகு மூக்கால் விசில்போல ஒரு சத்தம் விட்டது. அவ்வளவுதான், கூட்டம் முழுக்க அந்தச் செங்குத்துச் சுவரில் மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கி மறைந்தது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு குட்டி மட்டும் நின்று, சவரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாய்க்குப் பின்னால் குதித்தது.

"அது என்னையத்தான் பாத்துச்சு" என்று சவரி கிசுகிசுத்தான்.

முனீஸ் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். "ஆடு இருக்கு. கப்பு எங்க, கப்பு?"

பிலோமி தாளை விரித்து விரித்துப் பார்த்தாள். கண் கலங்கியது தெரியாமல் இருக்க முகத்தைக் காற்றுக்குக் காட்டினாள். தாத்தா பொய் எழுதியிருப்பாரா? அப்படியென்றால் எல்லாரும் சொன்னது...

முனீஸுக்கு அவளைக் கேலி செய்ய நல்ல நேரம். ஆனால் அவன் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினான். "முதல்ல தின்னு."

தின்றுகொண்டிருக்கும்போது சவரி மெதுவாக, "ஒம்பதாம் காட்டுக் கல்லுல நாலுன்னு இருந்துச்சே" என்றான்.

"மறுபடியுமா?" என்றாள் பிலோமி.

"இரு, இரு" என்றான் முனீஸ். வாயில் சோறு அப்படியே நின்றது. "எங்கம்மாவும் கூட வேலை செய்யிறவங்களும் நாலாம் காட்டுக்குப் போற அன்னைக்கு, 'பழைய ஒம்பதுல வேலை'ன்னுதான் பேசிக்குவாங்க. நான் ஏன்னு கேட்டதே இல்ல."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். பழைய கம்பெனி மேற்கே பேக்டரியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி உச்சியில் கல் நட்டது. எஸ்டேட் கை மாறியபோது புதுக் கம்பெனி கிழக்கே ரோட்டிலிருந்து எண்ணித் தகரப் பலகை அடித்தது. மொத்தம் பன்னிரண்டு காடு. பழைய நாலு புது ஒன்பது. பழைய ஒன்பது புது நாலு. தினமும் பலகையைப் பார்த்தே வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் கல்லைப் பார்க்கவில்லை.

"அப்ப நாம ஏற வேண்டிய எடம் அந்தக் கடைசி" என்று பிலோமி கிழக்கே கையைக் காட்டினாள். "தாத்தா அங்கேருந்து இந்தப் பக்கமா நடந்திருக்காரு. நாம இங்கேருந்து அந்தப் பக்கமா போனா, கடைசி அடையாளம்தான் மொதல்ல வரும். செவப்புப் பூ மரம்."

"சங்குக்குள்ள போயிருவமா?"

"பேசாம நடந்தா போயிரலாம்."

பேசாமல் நடக்க முனீஸால் ஆகுமா? ஆனாலும் வேகமாக நடந்தார்கள். ஏறிவந்த இடத்தைத் தாண்டி, முதுகு குழிகிற இடத்துக்கு வந்தபோது வழியில் காட்டெருமைகள். பதினொன்று. வெள்ளைக் காலுறை போட்டதுபோல் முழங்கால் வரை வெளுத்து, மேலே கன்னங்கரேலென்று எண்ணெய் பூசிய உடம்பு. பாதையிலேயே கன்று ஒன்று படுத்து அசைபோட்டது.

"கல்லெடுத்து ஒண்ணு போடட்டா?" என்றான் முனீஸ்.

"போடு. அப்புறம் உன்னை நாங்க ரெண்டு கூடையில அள்ளிட்டுப் போகணும்" என்றாள் பிலோமி.

காற்று தங்கள் பக்கம் வீசும்படி கீழே இறங்கி, புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம். பொன்னான அரை மணி நேரம். கடைசியில் கிழட்டு மாடு ஒன்று தும்மிவிட்டு எழுந்து நடக்க, மற்றவை பின்னால் போயின. கன்றும் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது.

மேலே ஏறியதும் சவரி கத்தினான். "அக்கா!"

தூரத்தில் ஒரு கிழட்டு மரம். காற்று அடித்து அடித்துக் கூன் விழுந்த காட்டுப்பூவரசு. பருவம் முடிகிற நேரம் என்பதால் நாலைந்து கொத்துகள்தான் மிச்சம். ஆனால் அந்த நாலைந்தும் நெருப்புத் துண்டுபோல் சிவந்திருந்தன. அதற்கு அப்பால் இருண்ட சோலை. சோலைக்கு அப்பால் தோளோடு தோள் உரசி நிற்கும் இரண்டு பாறை.

மரத்துக்கு நேர் கீழே எட்டிப் பார்த்தார்கள். பாறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஆள் தவழ்கிற உயரத்தில் ஒரு பொந்து. ஆனால் பொந்தின் வாய்க்கு மேலே முறம்போல ஒரு மலைத்தேனடை. மேலே தேனீக்கள் அலை அலையாக அசைந்தன.

முனீஸ் ஒரு அடி வைத்தான். அடை முழுக்க 'உர்ர்' என்று சிலிர்த்தது.

"நில்லு. உன் வெளிநாட்டு சரக்கு" என்று பிலோமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சென்ட் வாசம் ஆகாது அதுகளுக்கு. கழட்டு."

"புதுச் சட்டை..."

"சட்டை வேணுமா, மூஞ்சி வேணுமா?"

சட்டையைத் தள்ளியிருந்த புதர் ஒன்றில் மாட்டினான். கழுத்திலும் கையிலும் மண்ணையும் புல்லையும் தேய்த்துக்கொண்டான். சவரியைத் தூரத்தில் உட்காரவைத்துவிட்டு இரண்டு பேரும் வயிற்றால் தவழ்ந்தார்கள். தலைக்கு ஒரு முழம் மேலே ஆயிரம் இறக்கைகளின் இரைச்சல். ஒரு தேனீ பிலோமியின் புருவத்தில் உட்கார்ந்தது. அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நெற்றி முழுக்க நடந்து பார்த்துவிட்டு அது பறந்தது.

உள்ளே மணல் காய்ந்து கிடந்தது. மூலையில் ஒரு மண்ணெண்ணெய் டின். மூடியைச் சுற்றி மெழுகு. அதற்குள் தேயிலைப் பெட்டியில் ஒட்டும் ஈயத்தாளில் சுற்றிய ஒரு பொருள். தாளின் மேல் நூலால் கட்டிய கடிதம்.

பொந்து வாயில் விழுந்த வெளிச்சத்தில் பிலோமி குரலை அடக்கிப் படித்தாள்:

'பந்துக்காக ரத்தம் சிந்தியபின் இது எந்த டிவிஷனுக்கும் வேண்டாம். இரண்டு டிவிஷனும் சண்டையில்லாமல் ஓர் ஆட்டம் ஆடட்டும். அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து வந்து எடுப்போம். ஒருவர் மட்டும் தனியாக வந்து எடுக்கமாட்டோம். இது சத்தியம். அருளப்பன், மேல் டிவிஷன். சங்கையா, கீழ் டிவிஷன்.'

முனீஸின் முகம் மாறியது. சங்கையா அவனுடைய தாத்தா. அந்த வருஷ மழைக்காலத்திலேயே மண் சரிந்து இறந்தவர்.

"எங்க தாத்தாவுமா?"

"அவர் செத்துட்டாரு. எங்க தாத்தா தனியா வந்து எடுக்க முடியாது, சத்தியம் பண்ணியிருக்காரு" என்றாள் பிலோமி. "சொல்லியிருந்தா உங்க தாத்தா பேரும் சேந்து கெட்டிருக்கும். அதான் வாயத் தெறக்கல."

அவள் டின்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"சேந்துதான் எடுக்கணுமாம். அந்தப் பக்கம் பிடி."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தவழ்ந்து வெளியே வந்தார்கள். ஈயத்தாளைப் பிரித்தால் கோப்பை கறுத்துப் போயிருந்தது. சவரி சட்டை நுனியால் தேய்க்கத் தேய்க்க, கைப்பிடி ஓரத்தில் ஒரு கீற்று வெள்ளி எட்டிப் பார்த்தது. சிவப்புப் பூவில் ஒரே ஒரு கொத்தைப் பறித்துக் கூடையில் வைத்தாள் பிலோமி. மூடுபனி சரிவில் ஏறத் தொடங்கியிருந்தது. முனீஸ் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு, கடிதம் கசங்காமல் இருக்க அதைத் தன் பைக்குள் வைத்தான். "வாங்க, இரட்டைப் பாறை தாண்டி நாலாம் காட்டு வழியா இறங்கிரலாம்."

இறங்கும் வழியில் சீட்டியடிக்கும் பறவை கூப்பிட்டும் முனீஸ் பதிலுக்குச் சீட்டியடிக்கவில்லை.

சங்கு ஊதவும் அவர்கள் மைதானத்துக்கு வரவும் சரியாக இருந்தது. சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, சூசையும் மூச்சிரைக்க வந்தார். ஆனால் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

கோப்பையைக் கையில் வாங்கிப் பார்த்த ஒருவர், "பாத்தீங்களா, அப்பவே சொன்னேன். திருட்டுப் பொருள் இருக்குற எடம் அந்த வீட்டுக்குத்தான தெரியும்" என்றார்.

பிலோமி முனீஸைப் பார்த்தாள். கடிதம் அவனுடைய பையில். அவன் பேசாமல் இருந்தால் சங்கையாவின் பேர் யாருக்கும் தெரியப்போவதில்லை. கூட்டத்தில் அவனுடைய அப்பாவும் நின்றார். கீழ் டிவிஷன் டீமை இந்த வருஷம் நடத்துகிறவரே அவர்தான். முனீஸின் கை பைக்குள் போய், அங்கேயே நின்றது. பிலோமி கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"திருட்டுக் கப்பு இல்ல மாமா" என்றான் முனீஸ். "இருங்க, படிக்கிறேன்."

அவன் முதலிலிருந்து கடைசி வரை படித்தான். தன் தாத்தாவின் பேரை மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாகப் படித்தான்.

முனீஸின் அப்பா கடிதத்தை வாங்கி, தன் அப்பாவின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சுண்ணாம்புக் கோடு வரை நடந்து போனார்.

"சூசை, நாப்பது வருஷம் எங்கப்பாவுக்கும் சேத்துப் பழிய நீங்கதான்யா சுமந்திருக்கீங்க. உள்ள வாங்க."

சூசை குனிந்து செருப்பைக் கழற்றினார். கோயிலுக்குள் போவதுபோல் வெறுங்காலோடு மைதானத்தில் கால் வைத்தார்.

மறுநாள் ஆட்டம் நடந்தது. ஆளுக்கொரு கோல், சமம். புதுக் கோப்பை பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை. புளிபோட்டுத் துலக்கிய பழைய கோப்பை மேசையில் மின்னியது. அதற்குள் குதிரைமுதுகுப் பூக்கள். ஆறு மாதம் மேல் டிவிஷனில், ஆறு மாதம் கீழ் டிவிஷனில் என்று முடிவாயிற்று. சூசை ஆட்டம் முழுக்கக் கோட்டோரமாக ஓடி ஓடிக் கத்தியதில் மூன்று நாளைக்கு அவருக்குத் தொண்டை இல்லை.

ஒருவர்மேல் ஒரு பேரை ஒட்டுவதற்கு ஒரு நிமிஷம் போதும். அதை எடுக்க மூன்று பிள்ளைகள் ஒரு மலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வேண்டியிருந்தது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள் கண்ணுகளா.

அடுத்த நாள் காலை குழாயடியில் வரிசை. பிலோமி குடத்தோடு வந்தாள். முனீஸ் வாயைத் திறந்தான், பழக்கத்தில் 'க' என்று தொடங்கி, மென்று விழுங்கினான்.

"பிலோமி வருது, வழி விடுங்கடா."

"நானு?" என்றான் பின்னால் வந்த சவரி.

"சவரிமுத்து அண்ணாச்சியும் வர்றாரு" என்றான் முனீஸ். "கல்லப் பாத்து நம்பர் சொல்ற பெரிய மனுஷன். ரெண்டு குடம் அவருக்கு முதல்ல புடிங்க."